கட்டக் கட்ட வளரும் கடன்: ஒரு பிரிட்டிஷ் பட்டதாரியின் கணக்கு

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். 2023–24 கல்வியாண்டில் இங்கிலாந்தில் பட்டப் படிப்பை முடித்தவர்கள் மாணவர் கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்கியபோது, அவர்கள் பெயரில் இருந்த சராசரித் தொகை 53,000 பவுண்டு. அவர்களில் ஒருவருக்கு ஆண்டுக்கு 35,000 பவுண்டு சம்பளத்தில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவருக்கு இது மோசமான சம்பளம் இல்லை. 2025–26 நிதியாண்டின் விதிப்படி, 28,470 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கும் தொகையில் 9 சதவீதம் கடனுக்குப் பிடிக்கப்படும். அந்த வகையில் மாதம் 49 பவுண்டு, ஆண்டுக்கு 588 பவுண்டு போகும். அதே ஓராண்டில் அந்தக் கடனுக்கு ஏறும் வட்டியோ ஏறத்தாழ 2,150 பவுண்டு. பன்னிரண்டு மாதமும் தவறாமல் கட்டி முடித்த பிறகு பார்த்தால், கடன் 1,500 பவுண்டுக்கு மேல் கூடியிருக்கும்.

சம்பளத்தை 45,000 ஆக்கிப் பார்ப்போம். கட்டுவது 1,488, வட்டி 2,850 அளவில். 60,000 ஆக்கினால்? கட்டுவது 2,838, வட்டி 3,286. இன்னும் வட்டிதான் முந்துகிறது. காரணம், இந்தக் கடனில் சம்பளம் உயர உயர வட்டி விகிதமும் உயர்கிறது: விலைவாசிக் குறியீட்டின் அளவில் தொடங்கி, அதற்கு மேல் 3 சதவீதம் வரை ஏறுகிறது. 2025 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு அதன் உச்சம் 6.2 சதவீதம். கட்டும் தொகையும் வட்டியும் சரிக்குச் சரியாக வந்து நிற்கும் இடம் 65,000 பவுண்டுச் சம்பளம். லண்டன் வங்கிகளிலும் பெரிய சட்ட நிறுவனங்களிலும் நுழைந்துவிட்ட ஒரு சிறு கூட்டத்தை விட்டால், இருபதுகளின் தொடக்கத்தில் அந்தச் சம்பளத்தைப் பார்ப்பவர்கள் அபூர்வம். மற்ற எல்லாருக்கும் வட்டி குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

நம் ஊரில் இப்படி ஒரு கடனைக் கேள்விப்பட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வாசலில் ஆள் வந்து நிற்பார், நோட்டீஸ் வரும், ஜாமீன் போட்ட மாமாவுக்குப் போன் போகும். பிரிட்டனில் இவற்றில் எதுவும் நடக்காது. வேலை போனால் பிடித்தமும் நின்றுவிடும். ஜாமீன் இல்லை, பிணைச் சொத்து இல்லை, ஜப்தி இல்லை. கடன் வரலாற்றைக் கணக்கிடும் நிறுவனங்களின் ஏட்டில் இது ஏறுவதும் இல்லை. வருமான வரியோடு சேர்த்துச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். 2012 முதல் 2023 கோடைக்காலம் வரை இங்கிலாந்தில் படிக்கச் சேர்ந்தவர்களுக்கு ‘பிளான் 2’ என்ற திட்டம் பொருந்தும். அதன்படி முப்பது ஆண்டுகள் கழிந்ததும் மீதி எவ்வளவு இருந்தாலும் தள்ளுபடி. அந்தத் திட்டத்தின் கடைசி ஆண்டில் சேர்ந்தவர்களில் முழுவதையும் கட்டி முடிப்பவர்கள் கால்வாசியைச் சற்றுத் தாண்டுவார்கள் என்பதே அரசின் சொந்த மதிப்பீடாக இருந்தது.

முக்கால்வாசிப் பேர் அடைக்கப்போவதில்லை என்று கொடுக்கும்போதே தெரிந்த ஒரு தொகையைக் கடன் என்று அழைப்பது எந்த வகையில் பொருந்தும்? ‘அது உண்மையில் ஒரு வரிதான், கவலைப்படாதீர்கள்’ என்று பள்ளிகளிலும் தொலைக்காட்சியிலும் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறார்கள். அது பாதி உண்மை. வரி என்றால் பணக்காரரும் கட்ட வேண்டும். இங்கே வசதியுள்ள பெற்றோர் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டிவிட்டால், அந்தப் பிள்ளைக்கு அந்த 9 சதவீதம் வாழ்நாள் முழுவதும் கிடையாது. கடன் என்றால் கையெழுத்திட்ட நாளின் நிபந்தனைகள் கடைசிவரை நிற்க வேண்டும். இங்கே அவையும் நிற்பதில்லை. இரண்டு பெயர்களில் எது எப்போது வசதியோ அதை அரசு எடுத்துக்கொள்கிறது என்பதுதான் கடந்த முப்பதாண்டுக் கதையைப் படித்தால் எனக்குத் தோன்றுவது.

அந்தக் கதை இலவசத்திலிருந்து தொடங்குகிறது. 1962-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், முழுநேரப் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்த மாணவர்களின் கட்டணத்தை உள்ளாட்சி அமைப்புகளே கட்ட வேண்டும், பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்துச் செலவுக்கும் பணம் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. திருப்பித் தர வேண்டியதில்லை. பின்னாளில் கட்டணத்தைக் கொண்டுவந்த டோனி பிளேரும், அதை மும்மடங்காக்கிய கூட்டணி அரசின் டேவிட் கேமரனும் நிக் கிளெக்கும் அந்த ஏற்பாட்டின் காலத்தில் படித்தவர்கள்தான். இதை வைத்து அவர்களைத் திட்டுவது எளிது, நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் வந்தபோது பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள் ஏறத்தாழ இருபதில் ஒருவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொழிலாளி கட்டிய வரியில் பெரும்பாலும் நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் இலவசமாகப் படித்த காலம் அது.

1963-இல் ராபின்ஸ் குழு உயர்கல்வியை விரிவாக்கப் பரிந்துரைத்தது. 1992-இல் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்கள் ஆயின. மாணவர் எண்ணிக்கை ஏறிய வேகத்தில் பணம் ஏறவில்லை. மார்கரெட் தாட்சர் அரசின் இறுதியில், 1990-இல், செலவுக்கான உதவித்தொகையை அப்படியே உறையவைத்து, அதன் மேல் சிறு கடன் ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்காக கிளாஸ்கோவில் தொடங்கப்பட்டதுதான் மாணவர் கடன் நிறுவனம். அப்போது கடன் வாழ்க்கைச் செலவுக்கு மட்டும், கட்டணம் தொடப்படவில்லை.

1997 ஜூலையில், உயர்கல்வியை ஆராய்ந்த ரான் டியரிங் குழு அறிக்கை தந்தபோது, ஒரு மாணவருக்கு அரசு செலவிடும் தொகை இருபதாண்டுகளில் 40 சதவீதம் தேய்ந்திருந்தது. புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த தொழிற்கட்சி அரசு, 1998 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 1,000 பவுண்டு கட்டணம் விதித்தது. குடும்ப வருமானம் குறைந்தவர்களுக்கு விலக்கு. அடுத்த ஆண்டே உதவித்தொகையும் போயிற்று. 2001 தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, கட்டணத்தை இதற்கு மேல் கூட்டும் உரிமையைப் பல்கலைக்கழகங்களுக்குத் தர மாட்டோம் என்று எழுதியது. 2004 ஜனவரி 27 அன்று, 3,000 பவுண்டு வரை வசூலிக்க வழிவிடும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. 316-க்கு 311. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் பெரும்பான்மை வைத்திருந்த பிளேர் அன்று ஐந்தே வாக்குகளில் தப்பினார்.

அந்தச் சட்டத்தில் ஒரு நல்லதும் இருந்தது. முன்கூட்டியே பணம் கட்ட வேண்டிய அவசியம் நீங்கியது. படித்து முடித்து, சம்பாதித்த பிறகு, சம்பளத்துக்கேற்பக் கட்டினால் போதும். அந்த வழி திறந்ததும் கட்டணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பது அடுத்து வந்தவர்களுக்குப் புரிந்தது. சேரும் நாளில் யாரும் பர்ஸைத் திறக்க வேண்டியதில்லையே.

2010 தேர்தலுக்கு முன் தாராளவாத ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் பலர், கட்டண உயர்வு எதுவாயினும் எதிர்த்து வாக்களிப்போம் என்று எழுதிய அட்டையில் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். கட்சித் தலைவர் நிக் கிளெக்கும் அதில் ஒருவர். தேர்தல் முடிந்து கன்சர்வேட்டிவ் கட்சியோடு கூட்டணி அமைந்தது. எண்ணெய் நிறுவனமான பிபியின் முன்னாள் தலைவர் பிரவுன் பிரபு தலைமையிலான குழு, கட்டண உச்சவரம்பையே எடுத்துவிடலாம் என்று அக்டோபரில் சொன்னது. அரசு அவ்வளவு தூரம் போகவில்லை. 9,000 என்று நிறுத்தியது. நவம்பர் 10 அன்று பல்லாயிரம் மாணவர்கள் லண்டனில் திரண்டார்கள், மில்பேங்கில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமையகக் கட்டடத்தின் கண்ணாடிகள் நொறுங்கின. டிசம்பர் 9 அன்று 323-க்கு 302 என்ற கணக்கில் நாடாளுமன்றம் உயர்வை ஏற்றுக்கொண்டது. 57 இடங்களோடு ஆட்சியில் அமர்ந்த கிளெக்கின் கட்சி 2015 தேர்தலில் 8 இடங்களுக்குச் சுருங்கியது. மாணவர்கள் நிறைந்த ஷெஃபீல்ட் ஹாலம் தொகுதியை 2017-இல் அவரும் இழந்தார்.

அடிப்படைக் கட்டணம் 6,000, விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டும் 9,000 என்றுதான் அன்று சொன்னார்கள். கடைசியில் விதிவிலக்கே விதி ஆகிவிட்டது. குறைவாக வசூலித்தால் மட்டமான பல்கலைக்கழகம் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்து, ஏறத்தாழ எல்லாரும் உச்சத்துக்கே போனார்கள். துணிக்கடைக்கும் ஹோட்டலுக்கும் பொருந்தும் சந்தை விதி கல்விக்கு ஏன் பொருந்தவில்லை என்று பிரவுன் குழு யோசித்ததாகத் தெரியவில்லை. விலை குறைவு என்பதற்காக யார் தன் பிள்ளையை ஒரு கல்லூரியில் சேர்ப்பார்?

மாணவர்கள் மூன்று மடங்கு கட்டத் தொடங்கியதால் பல்கலைக்கழகங்களின் வருமானமும் மூன்று மடங்கானது என்று பலர் நினைக்கிறார்கள். பாடம் நடத்துவதற்காக அரசு நேரடியாகக் கொடுத்துவந்த மானியம் அதே கையோடு பெருமளவு வெட்டப்பட்டது. அரசு ஒரு பையிலிருந்து எடுத்ததை மாணவரின் எதிர்காலச் சம்பளம் என்ற இன்னொரு பையிலிருந்து நிரப்பினார்கள். இதில் அரசுக்கு என்ன லாபம்? முக்கால்வாசிப் பேர் முழுவதும் கட்டப்போவதில்லை என்றால், மானியமாகக் கொடுப்பதற்கும் கடனாகக் கொடுத்து விட்டுவிடுவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லையே?

வித்தியாசம் கணக்கெழுதும் முறையில் இருந்தது. இந்தப் பகுதி சற்று வறட்சியானதுதான், ஆனால் முழுக் கதையின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது. ஒரு பவுண்டை மானியமாகக் கொடுத்தால் அந்த ஆண்டின் பற்றாக்குறையில் ஒரு பவுண்டு ஏறும். அதே பவுண்டைக் கடனாகக் கொடுத்தால், திரும்பி வரவேண்டிய சொத்து என்று எழுதிக்கொள்ளலாம். பற்றாக்குறையில் ஒன்றும் ஏறாது. கடனில் ஏறும் வட்டியை, ஒரு காசு கைக்கு வராவிட்டாலும், அரசின் வருமானம் என்றே எழுதலாம். தள்ளுபடி என்ற உண்மை முப்பதாண்டு கழித்து, வேறு யாரோ நிதியமைச்சராக இருக்கும் காலத்தில் வந்து சேரும். பற்றாக்குறையைக் குறைப்போம் என்று வாக்குக் கொடுத்து ஆட்சிக்கு வந்த அரசுக்கு இதைவிட இனிப்பான பண்டம் வேறென்ன வேண்டும்? 2015-இல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், ஏழை மாணவர்களுக்கு மீண்டும் வந்திருந்த செலவு உதவித்தொகையையும் ஒழித்துக் கடனாக மாற்றுவதாக அறிவித்தார்; 2016-இல் நடைமுறைக்கு வந்தது. ஏழைப் பிள்ளை பணக்காரப் பிள்ளையைவிட அதிகக் கடனோடு பட்டம் பெறும் விசித்திரம் அப்படித்தான் உண்டானது.

2018 டிசம்பரில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் இந்த வித்தையை நிறுத்தியது. திரும்பி வரக்கூடிய பகுதியைக் கடன் என்றும், வராத பகுதியை அன்றைய செலவு என்றும் பிரித்தே எழுத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரே முடிவில் ஆண்டுப் பற்றாக்குறை சுமார் 1,200 கோடி பவுண்டு கூடியது. அதற்குள் அரசு பழைய கடன்களில் ஒரு பகுதியைத் தனியாருக்கு விற்கவும் செய்திருந்தது: 2017-இல் 350 கோடி பவுண்டு மதிப்புள்ள கடனை 170 கோடிக்கு, அடுத்த ஆண்டு 390 கோடியை 190 கோடிக்கு. பாதி விலை. புதிய கணக்கு முறை வந்த பின் விற்பதில் கவர்ச்சி போய்விட்டது. 2020-இல் விற்பனையே கைவிடப்பட்டது.

வராக்கடன் கணக்கில் தெரியத் தொடங்கியதும் அரசுக்கு வசூலில் அக்கறை வந்தது. அங்கேதான் நிபந்தனைகளைத் திருத்தும் விளையாட்டு. 2012-இல் சேர்ந்தவர்களிடம், 21,000 பவுண்டு என்ற வருமான வரம்பு சம்பள உயர்வுக்கேற்ப ஆண்டுதோறும் கூடும் என்று சொல்லப்பட்டது. 2015 நவம்பரில் ஆஸ்போர்ன் அதை ஐந்தாண்டுக்கு உறையவைத்தார். 2017 தேர்தலில் கட்டணத்தை ஒழிப்பேன் என்ற தொழிற்கட்சித் தலைவர் ஜெரமி கார்பினுக்கு இளைஞர்கள் திரண்டு வாக்களித்த அதிர்ச்சியில், பிரதமர் தெரசா மே அதை 25,000 ஆக்கினார். அது மெல்ல 27,295 வரை ஏறி, மீண்டும் 2025 வரை உறைந்தது. பிறகு 28,470, 2026 ஏப்ரலில் 29,385. அடுத்து 2025 நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், 2027 ஏப்ரலிலிருந்து மூன்றாண்டுக்கு அதை மறுபடி உறையவைப்பதாக அறிவித்தார். வரம்பு அசையாமல் நிற்க, சம்பளம் விலைவாசியோடு ஏற, ஒவ்வோர் ஆண்டும் பட்டதாரியின் கையிலிருந்து சற்று அதிகமாகப் போகும். வங்கி ஒன்று வீட்டுக் கடனில் இப்படி நடு வழியில் நிபந்தனையை மாற்றினால் நீதிமன்றம் போகலாம். மாணவர் கடனுக்கு அந்த வழி இல்லை. மற்றக் கடன்களைக் கட்டுப்படுத்தும் நுகர்வோர் கடன் சட்டத்தின் எல்லைக்கு வெளியே இது வைக்கப்பட்டிருக்கிறது. விதிகள் மாறலாம் என்று விண்ணப்பத்திலேயே போட்டிருக்கிறோமே என்பார்கள். பதினெட்டு வயதில் அந்த வரியைப் படித்து நிதானித்தவர்கள் எத்தனை பேர்?

2023 ஆகஸ்டிலிருந்து சேர்ந்தவர்களுக்குப் ‘பிளான் 5’. பார்வைக்கு இது நியாயமான திருத்தம். வட்டி விலைவாசி ஏற்றத்தின் அளவுக்கு மட்டும். அந்த 3 சதவீதம் போய்விட்டது. ஆனால் வரம்பு 25,000-க்கு இறங்கியது, தள்ளுபடிக் காலம் நாற்பதாண்டாக நீண்டது. யாருக்கு லாபம் என்று பாருங்கள். நிறைய சம்பாதிப்பவர் வட்டிக் குறைவால் சீக்கிரம் கட்டி முடித்துவிடுவார். முன்பானால் முப்பதாண்டில் விடுபட்டிருக்கும் நடுத்தரச் சம்பளக்காரர், ஆசிரியரோ சமூகப் பணியாளரோ, இன்னும் பத்தாண்டு கட்டுவார். அந்த 25,000 எவ்வளவு தாழ்ந்தது என்பதற்கு ஓர் அளவுகோல்: 2026 ஏப்ரல் முதல் பிரிட்டனின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு. வாரம் நாற்பது மணி நேரம் உழைத்தால் ஆண்டுக்கு 26,400-ஐத் தாண்டுகிறது. பட்டம் படித்துவிட்டு சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்குபவரும் இனி பட்டத்துக்கான தவணையைக் கட்டுவார்.

இந்த ஏற்பாட்டின் விசித்திரம் முழுவதும் ஒரே ஆளிடம் தெரிய வேண்டுமென்றால் செவிலியரைப் பார்க்கலாம். 2017 வரை இங்கிலாந்தில் செவிலியர் படிப்புக்குக் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் உண்டு. பிறகு அவர்களையும் கடனுக்குள் தள்ளினார்கள், விண்ணப்பங்கள் சரிந்தன, 2020-இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு மட்டும் திரும்பி வந்தது. 2025–26-இல் தேசிய சுகாதார சேவையில் புதிய செவிலியரின் தொடக்கச் சம்பளம் 31,049 பவுண்டு. பிளான் 2-இல் அவர் ஆண்டுக்குக் கட்டுவது 232 பவுண்டு. அரசு அவருக்குக் கடன் கொடுக்கிறது, அரசு மருத்துவமனையே அவரை வேலைக்கு வைக்கிறது, அரசு தரும் சம்பளத்திலிருந்து அரசே பிடித்துக்கொள்கிறது, முப்பதாண்டு கழித்துப் பெருந்தொகையைத் தள்ளுபடி செய்கிறது. இடையில் அந்தப் பெண்ணின் மனத்தில் ஐம்பதாயிரம் பவுண்டு பாரம் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

கட்டணத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். மாணவரை நடைமுறையில் நெருக்குவது வாடகை. கட்டணக் கடன் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும், கண்ணில் படாது. செலவுக் கடன் வாரந்தோறும் போதாமல் போகும். 2025–26-இல் வீட்டை விட்டு வெளியே, லண்டனுக்கு அப்பால் தங்கிப் படிப்பவருக்கு அதிகபட்சம் 10,544 பவுண்டு, லண்டனில் 13,762. அதிகபட்சம் கிடைக்க வேண்டுமானால் குடும்ப வருமானம் 25,000-க்குள் இருக்க வேண்டும். அந்த 25,000 என்ற எல்லை 2008-இலிருந்து அசையவில்லை. அன்று அது எளிய குடும்பங்கள் பலவற்றை உள்ளடக்கிய கோடு. இன்று ஒருவரின் குறைந்தபட்சச் சம்பளமே அதைத் தொட்டுவிடுகிறது. வருமானம் கூடினால் கடன் குறையும், லண்டனுக்கு வெளியே மிகக் குறைவாக 4,915 பவுண்டு வரை. மீதியைப் பெற்றோர் தர வேண்டும் என்பது அரசின் எதிர்பார்ப்பு. ஆனால் எவ்வளவு தர வேண்டும் என்று அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை.

2024–25-இல் லண்டனில் மாணவர்களுக்கென்றே கட்டிய விடுதிகளின் சராசரி ஆண்டு வாடகை 13,595 பவுண்டு என்று உயர்கல்விக் கொள்கை நிறுவனமும் மாணவர் தங்குமிட அமைப்பான யூனிபோலும் கணக்கிட்டன. அந்த ஆண்டின் அதிகபட்ச லண்டன் கடன் 13,348. கடன் முழுவதையும் வாடகைக்குக் கொடுத்த பிறகும் 247 பவுண்டு பாக்கி நிற்கும், சாப்பாடு தனி. அதே கொள்கை நிறுவனம் 2024-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, லண்டனுக்கு வெளியே ஒரு மாணவர் கௌரவமாக வாழ ஆண்டுக்கு 18,632 பவுண்டு வேண்டும் என்றது. இடைவெளியை நிரப்புவது காபிக் கடைகளிலும் கிடங்குகளிலும் செய்யும் பகுதிநேர வேலை. வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய பல்கலைக்கழகத்தை மட்டும் தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி. தகுதி இருந்தும் தொலைவில் உள்ள நல்ல இடத்தைக் கைவிட்ட பிள்ளைகளை எந்தக் கடன் புள்ளிவிவரத்திலும் காண முடியாது.

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு வேறொரு வடிவம் எடுக்கும். பிள்ளை கடனோடு வாழ்க்கையைத் தொடங்கக் கூடாது, சேமிப்பிலிருந்தோ வீட்டின் மேல் கூடுதல் அடமானம் வாங்கியோ கட்டிவிடலாமா என்பது கேள்வி. கடன் என்ற சொல்லுக்கு நம் மனத்தில் இருக்கும் கனம் அப்படி. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது: பிள்ளை பெருஞ்சம்பளத் துறைக்குப் போவது உறுதி என்றால் முன்கூட்டிக் கட்டுவது லாபம், அப்படி இல்லையென்றால், எப்படியும் தள்ளுபடி ஆகியிருக்கக்கூடிய தொகையைக் கைக்காசாகக் கொடுத்ததாக முடியும். பதினெட்டு வயதுப் பிள்ளையின் நாற்பதாண்டுச் சம்பளத்தை ஊகித்துப் பெற்றோர் பந்தயம் கட்ட வேண்டிய நிலை. குடியேற்ற அனுமதி முழுமையாகாத குடும்பங்களுக்கு அந்தப் பந்தயமும் கிடையாது. சிறு வயதிலிருந்தே அங்கே வளர்ந்த பிள்ளைகளை இந்தக் காரணத்துக்காக ஒட்டுமொத்தமாகக் கடனிலிருந்து விலக்கிவைத்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் ஒரு கதவு திறந்தது. வட்டியை மார்க்கம் தடுப்பதால் கடன் வாங்கத் தயங்கும் முஸ்லிம் மாணவர்களுக்கு வட்டியில்லா மாற்று ஏற்பாடு செய்வதாக 2013-இல் கேமரன் சொன்னார். 2017-இல் அதற்குச் சட்டமும் வந்தது. 2025 முடிந்தும் ஏற்பாடு வரவில்லை.

ஸ்காட்லாந்தில் படிக்கும் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இந்தக் கதையில் பாதி பொருந்தாது. அவர்களுக்குக் கட்டணம் இல்லை. பதிலுக்கு, இலவச இடங்களின் எண்ணிக்கைக்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது. வட அயர்லாந்தில் உள்ளூர் மாணவருக்குக் கட்டணம் ஏறத்தாழ இங்கிலாந்தின் பாதி. வேல்ஸ் கட்டணத்தைக் கூட்டினாலும், செலவுக்குத் திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையை 2018 முதல் தாராளமாகக் கொடுக்கிறது. ஒரே நாடு, நான்கு விதமான பட்டதாரிகள்.

இவ்வளவு வாங்கியும் பல்கலைக்கழகங்கள் செழிக்கின்றனவா? 2012-இல் 9,000, 2017-இல் 9,250, 2025-இல் 9,535. இடையில் விலைவாசி ஏறியதைக் கழித்தால் கட்டணத்தின் மதிப்பு கால் பங்குக்கும் மேலாகக் கரைந்துவிட்டது. 2015-இல் மாணவர் எண்ணிக்கை வரம்பை அரசு நீக்கியது. பெரும் பெயர் பெற்றவை சிறியவற்றின் மாணவர்களை இழுத்துக்கொண்டன. எல்லாரும் கடன் வாங்கிப் புதுக் கட்டடங்களை எழுப்பினார்கள். 2024–25-இல் இங்கிலாந்தின் உயர்கல்வி நிறுவனங்களில் 43 சதவீதம் பற்றாக்குறையில் முடியும் என்று ஒழுங்குமுறை அமைப்பு கணித்தது. கார்டிஃப் பல்கலைக்கழகம் 2025 ஜனவரியில் 400 பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. கட்டணமில்லாத ஸ்காட்லாந்திலும் டண்டீ பல்கலைக்கழகம் 3.5 கோடி பவுண்டு பள்ளத்தில் விழுந்து அரசின் கையை எதிர்பார்த்தது. மாணவர் அதிகம் என்கிறார், பல்கலைக்கழகம் போதாது என்கிறது. இருவரும் சொல்வது உண்மை.

இந்தப் பள்ளத்தை இத்தனை காலம் மூடிவந்தது வெளிநாட்டு மாணவர்களின் கட்டணம். அதற்கு உச்சவரம்பு இல்லை. ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேல் என்பது சாதாரணம். அங்கேதான் சென்னையும் கோயம்புத்தூரும் கதைக்குள் வருகின்றன. பிரிட்டனுக்கு மேற்படிப்புக்குப் போகும் தமிழ்நாட்டு மாணவர் கையெழுத்திடுவது நிஜமான கடன் பத்திரம்: பொதுத்துறை வங்கிகளில் பொதுவாக ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் என்றால் வீட்டுப் பத்திரமோ நிலமோ பிணை, பெற்றோர் கூட்டுக் கையெழுத்து, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை. முப்பதாண்டு கழித்துத் தள்ளுபடி என்ற பேச்சே இல்லை. படித்து முடித்து அங்கே வேலை தேடத் தரும் விசாக் காலத்தை 2027 ஜனவரி முதல் இரண்டாண்டிலிருந்து பதினெட்டு மாதமாகக் குறைக்கிறார்கள். 2028 ஆகஸ்டிலிருந்து, சிறு எண்ணிக்கைக்கு விலக்கு கொடுத்து, ஒவ்வொரு வெளிநாட்டு மாணவருக்கும் 925 பவுண்டு தீர்வையைப் பல்கலைக்கழகங்கள் அரசுக்குக் கட்ட வேண்டும். அதில் வரும் பணத்திலிருந்து, 2016-இல் ஒழித்த உதவித்தொகையின் ஒரு சிறு பகுதியை ஏழை பிரிட்டிஷ் மாணவர்களுக்குத் திரும்பக் கொடுக்கப்போகிறார்கள். தாம்பரத்தில் அடகில் இருக்கும் வீடு ஒன்று பர்மிங்ஹாமில் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுச் செலவைத் தாங்கப்போகிறது.

கட்டணத்தை ஒழிப்பேன் என்று 2020-இல் தொழிற்கட்சித் தலைமைக்குப் போட்டியிட்ட கியர் ஸ்டார்மர் 2023-இல் அதைக் கைவிட்டார். கட்டணத்தை இனி விலைவாசியோடு சேர்த்து ஏற்றப்போவதாக அவருடைய அரசு 2025-இல் அறிவித்தது. இங்கிலாந்தில் நிலுவையில் உள்ள மாணவர் கடன் 2025 மார்ச் முடிவில் 26,700 கோடி பவுண்டைத் தொட்டது. ஆண்டுக்கு 2,000 கோடிக்கு மேல் புதிதாகச் சேர்கிறது. 2012-இல் முதன்முதலாக 9,000 பவுண்டு கட்டணத்தில் சேர்ந்த பதினெட்டு வயதுக்காரர்களுக்கு 2046 ஏப்ரலில், ஐம்பத்திரண்டு வயதில், தள்ளுபடி. அதற்குள் அவர்களுடைய பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருப்பார்கள். செலவுக் கடன் எவ்வளவு என்று தீர்மானிக்க விண்ணப்பப் படிவம் பெற்றோரின் வருமானத்தைக் கேட்கும். பெற்றோரின் சம்பளச் சீட்டில் அப்போதும் அந்த 9 சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்.